கொழுப்புத் துளிக்குள் ஒரு கட்டளை

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் பணிபுரிந்த நம் சகோதரர்களில் பலர் ஃபைசர் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டார்கள். ஊரில் இருந்த நமக்குப் பெரும்பாலும் கோவிஷீல்டும் கோவாக்சினும்தாம் கிடைத்தன. ஃபைசர் ஊசியின் உட்பொருள் பட்டியலில் 'கொழுப்பு' என்றொரு சொல் இருந்தது. அந்த ஒரு சொல், கைபேசி வழியே ஊருக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு கேள்விகளாகப் பெருகிவிட்டது. அது எந்தப் பிராணியின் கொழுப்பு? அந்தக் கொழுப்புக்குள் பொதிந்து அனுப்பப்படும் ஆர்.என்.ஏ. என்னும் பொருள், அல்லாஹ் நமக்கு அளித்த மரபணுவையே மாற்றிவிடாதா?

வாசகப் பெருமக்களே! பெருந்தொற்று அடங்கிவிட்டது, இந்தக் கேள்விகள் அடங்கவில்லை. அவை அடங்கிப்போகவும் வேண்டியதில்லை. கேட்பவரை அறியாதவர் என்று எள்ளி நகையாடுவதும் முறையன்று. ஏனெனில் அந்த ஊசியில் கையாளப்பட்ட அதே வழியில்தான் இன்று வேறு பல மருந்துகளும் வந்துகொண்டிருக்கின்றன. பிறவியிலேயே வரும் நோய்களுக்குக்கூட அவ்வழியில் சிகிச்சை தொடங்கியிருக்கிறது. நாளை உங்கள் குடும்பத்துக் குழந்தை ஒன்றுக்கே ஒரு மருத்துவர் இதனைப் பரிந்துரைக்கக்கூடும். அன்றைக்குப் பதற்றத்தில் கேட்டறிவதைவிட இன்றைக்கு நிதானமாகத் தெரிந்துகொள்வது நலமல்லவா?

முதலில் ஆர்.என்.ஏ. என்பது யாது? உங்கள் வீட்டு மனையின் மூலப் பதிவு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டை எவரும் வெளியே கொண்டு செல்ல இயலாது. வேண்டுவோருக்கு நகல் எடுத்துக் கொடுப்பார்கள். வேலை முடிந்தபின் அந்த நகல் கிழிந்துபோனாலும் மூலத்துக்கு ஒரு கேடும் இல்லை. நம் உடலின் உயிரணுக்களிலும் இத்தகைய ஏற்பாட்டைத்தான் இறைவன் வைத்திருக்கிறான். உயிரணுவின் நடுவில் உள்ள கரு என்னும் அறைக்குள் டி.என்.ஏ. என்ற மூலப் பதிவேடு பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு புரதம் தேவைப்படும்போது அதற்குரிய பகுதிக்கு மட்டும் ஒரு நகல் எடுக்கப்பட்டு, கருவுக்கு வெளியே அனுப்பப்படுகிறது. அந்த நகல்தான் தூது ஆர்.என்.ஏ. வெளியே இருக்கும் ரைபோசோம் என்னும் நுண்ணிய பட்டறை அதனைப் படித்து, அதில் கண்டபடி புரதத்தைக் கோத்துத் தருகிறது. பின்னர் அந்த நகல் சிதைக்கப்பட்டுவிடுகிறது. அதன் ஆயுள் பெரும்பாலும் சில மணி நேரம். மிஞ்சினால் சில நாட்கள்.

ஃபைசர் ஊசியில் இருந்தது இத்தகைய நகல் ஒன்றுதான். அது கொரோனாக் கிருமியின் மேற்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தைச் செய்வதற்கான கட்டளை. அது கருவுக்குள் நுழைவதும் இல்லை. மூலப் பதிவேட்டில் எழுதும் கருவி எதுவும் அதனோடு அனுப்பப்படவும் இல்லை. ஆகவே அந்தத் தடுப்பூசி மரபணுவை மாற்றும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. ஆனால் 'ஆர்.என்.ஏ. மருந்து எதுவுமே மரபணுவைத் தொடாது' என்று நான் சொல்லவில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

புரதத்தைச் செய்யச் சொல்லும் ஆர்.என்.ஏ. ஒரு வகை. செய்யாதே என்று தடுக்கும் ஆர்.என்.ஏ. மற்றொரு வகை. மண்ணில் வாழும் கண்ணுக்கு எளிதில் எட்டாத சிறு புழு ஒன்றை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ என்னும் அமெரிக்கர் இருவர், இரட்டை இழையாலான ஆர்.என்.ஏ.வை உட்செலுத்தினால் அதற்கு ஒப்பான மரபணுவின் குரல் அடங்கிப்போகிறது என்று 1998ஆம் ஆண்டு வெளியிட்டனர். அடுத்த எட்டே ஆண்டுகளில், 2006இல், அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தீங்கு செய்யும் புரதம் ஒன்றை உடல் உற்பத்தி செய்துகொண்டிருந்தால், அதன் நகலை வழியிலேயே கிழித்தெறியச் செய்யலாம் அன்றோ! மருந்து நிறுவனங்கள் கோடிக்கணக்கான டாலர்களை இதில் கொட்டின. சில ஆண்டுகளில் அவற்றுள் பல கையைப் பிசைந்துகொண்டு விலகின.

காரணம் இதுதான்: கட்டளையை எழுதத் தெரிந்துவிட்டது, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியவில்லை.

ஆர்.என்.ஏ. மிகவும் மெலிந்த பொருள். இரத்தத்திலும் தோலிலும் வியர்வையிலும் அதனை வெட்டித் தின்னும் நொதிகள் நிறைந்திருக்கின்றன. வெறும் ஆர்.என்.ஏ.வை நரம்பு ஊசியில் ஏற்றினால் சில நிமிடங்களில் அது துண்டு துண்டாகிவிடும். கிருமிகளிடமும் ஆர்.என்.ஏ. உண்டாதலால், வெளியிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.வைக் கண்டதும் உடலின் காவற்படை கிருமி வந்துவிட்டதென்று கொதித்தெழுகிறது. இவ்விரண்டையும் தப்பி உயிரணுவின் வாசலை அடைந்தாலும் கதவு திறக்காது. உயிரணுவின் சுவர் எண்ணெய்ப் பசையாலான சவ்வு, ஆர்.என்.ஏ.வோ எதிர் மின்னூட்டம் கொண்ட, நீரில் கரையும் நீண்ட சங்கிலி. எண்ணெய்த் தாளில் மையால் எழுத முயல்வதைப் போலத்தான்.

காவற்படையின் கொதிப்பைத் தணிக்கும் வழியைக் கண்டறிந்தவர், ஹங்கேரி நாட்டில் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகளாகப் பிறந்து அமெரிக்கா சென்ற கட்டலின் கரிக்கோ என்னும் பெண்மணி. பல ஆண்டுகள் ஆய்வுப் பணம் கிடைக்காமலும், பதவியில் கீழிறக்கப்பட்டும் மனம் தளராதவர். ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றைச் சற்றே மாற்றி எழுதினால் உடல் அதனை அந்நியமாகக் கருதுவதில்லை என்று அவரும் ட்ரூ வைஸ்மன் என்பவரும் 2005ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியா நகரிலிருந்து அறிவித்தார்கள். அதன் அருமை அப்போது பலருக்குப் புரியவில்லை. 2023ஆம் ஆண்டு இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தக் கதை ஏடுகளில் நிறைய வந்துவிட்டது. அவ்வளவாக வராத கதை, அந்த ஆர்.என்.ஏ.வைச் சுமந்து சென்ற கொழுப்பின் கதை. என் கருத்தில் அதுவே கூடுதலாக வியக்கத்தக்கது.

ஆட்டுக்கால் பாயா ஆறும்போது எண்ணெய் தனியே பிரிந்து மேலே வட்ட வட்டமாகத் திரள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொழுப்பும் நீரும் ஒன்றையொன்று விலக்குவதே அதற்குக் காரணம். சிலவகைக் கொழுப்புகளுக்கு மட்டும் தலை நீரை விரும்பும். வால் நீரை வெறுக்கும். அவற்றை நீரில் இட்டால் வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே காட்டி, தாமாகவே மூடிய பைகளாக வளைந்துகொள்ளும். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜை அடுத்த பாப்ரஹாம் ஆய்வு நிலையத்தில் அலெக் பாங்கம் என்பவர் இதனை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். நம் உயிரணுக்களின் சுவரும் இதே முறையில்தான் அமைந்திருக்கிறது. அப்படியானால் அந்தப் பைக்குள் மருந்தை வைத்து அனுப்பலாமே என்ற எண்ணம் உடனே பலருக்கும் பிறந்தது.

எண்ணம் பிறந்ததே தவிர, ஆர்.என்.ஏ. விஷயத்தில் அது எளிதில் கைகூடவில்லை. எதிர் மின்னூட்டமுள்ள ஆர்.என்.ஏ.வைப் பிடித்து வைக்க நேர் மின்னூட்டமுள்ள கொழுப்பு வேண்டும். ஆனால் எந்நேரமும் நேர் மின்னூட்டத்தோடு திரியும் கொழுப்பு இரத்தத்தில் கண்டதன்மீதெல்லாம் ஒட்டிக்கொண்டு உயிரணுக்களைப் புண்படுத்துகிறது. பிடிக்கவும் வேண்டும், பிடிப்பது தெரியவும் கூடாது! கனடாவின் வான்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கல்லிஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் பல ஆண்டுகள் இந்த முடிச்சோடு போராடினார்கள். அவர்கள் தேர்ந்த வழி, இடத்துக்கு ஏற்பக் குணம் மாறும் கொழுப்பு. புளிப்பான சூழலில் அது நேர் மின்னூட்டம் பெறும். புளிப்பில்லாத இரத்தத்தில் எந்த மின்னூட்டமும் இன்றிச் சாதுவாக இருக்கும். நூற்றுக்கணக்கான கொழுப்புகளைச் செய்து செய்து சோதித்து, புளிப்பின் எந்த அளவில் குணம் மாறவேண்டும் என்பதை நுட்பமாகக் கண்டறிந்தார்கள்.

இப்போது அந்தத் துகள் எப்படிச் செய்யப்படுகிறது என்று பாருங்கள். நான்கு பொருட்கள் அதில் உண்டு. ஏறத்தாழப் பாதி, மேலே சொன்ன குணம் மாறும் கொழுப்பு. ஐந்தில் இரு பங்குக்குச் சற்றுக் குறைவு கொலஸ்ட்ரால். ஆம், நாம் அஞ்சும் அதே கொலஸ்ட்ரால்தான், இங்கே அது துகளுக்கு உறுதி தருகிறது. உயிரணுச் சுவரில் உள்ளதைப் போன்ற கொழுப்பு பத்தில் ஒரு பங்கு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாதபடி மேலே போர்வையாக அமையும் பொருள் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. இந்த நான்கையும் எரிசாராயத்தில் கரைத்து, புளிப்பூட்டிய நீரில் கரைந்துள்ள ஆர்.என்.ஏ.வோடு மெல்லிய குழாய்களின் சந்திப்பில் வேகமாக மோதவிடுகிறார்கள். இமைப்பொழுதுக்கும் குறைந்த நேரத்தில் கொழுப்பு ஆர்.என்.ஏ.வைச் சுற்றிக்கொண்டு உருண்டையாகிவிடுகிறது. பின்னர் எரிசாராயத்தையும் புளிப்பையும் வடித்தெடுத்து நீக்குகிறார்கள். இவ்வாறு கிடைக்கும் துகள்கள் ஆயிரத்தை வரிசையாக அடுக்கினால் ஒரு தலைமுடியின் தடிமன் வரும்.

எரிசாராயம் என்ற சொல் சிலருக்கு உறுத்தும். மறைத்துச் சொல்ல வேண்டிய செய்தியன்று அது. தயாரிப்பில் பயன்பட்டு, பின்னர் நீக்கப்படுகிறது. கொழுப்பைப் பற்றிய கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். நான்கில் மூன்று பொருட்கள் ஆய்வகத்தில் வேதிமுறையில் செய்யப்படுபவை. கொலஸ்ட்ராலைச் செம்மறியாட்டு உரோமத்தின் எண்ணெய்ப் பசையிலிருந்தும் எடுப்பார்கள். தாவர மூலப்பொருள்களிலிருந்தும் செய்வார்கள். பன்றியிலிருந்து வந்த பொருள் எதுவும் தங்கள் கொரோனாத் தடுப்பூசிகளில் இல்லை என்று ஃபைசர், மாடர்னா நிறுவனங்களின் சார்பாளர்கள் 2020 டிசம்பரில் தெரிவித்தார்கள். அதே மாதத்தில், ஷைகு அப்துல்லாஹ் பின் பய்யா அவர்களின் தலைமையிலுள்ள ஐக்கிய அரபு அமீரக ஃபத்வா பேரவை, வேறு வழியில்லாத நிலையில் உயிர்காக்கும் தடுப்பூசியில் விலக்கப்பட்ட பொருள் கலந்திருந்தாலும் அதைப் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. விவரங்களை உள்ளபடி தருவதோடு என் வேலை முடிகிறது. ஐயமுள்ளவர்கள் தங்கள் பகுதி ஆலிம்களிடம் இவ்விவரங்களை வைத்துக் கேட்கலாம்.

துகள் இரத்தத்தில் இறங்கிய பின் நடப்பதுதான் சுவையான பகுதி. நாம் உண்ணும் கொழுப்பை உடலுக்குள் சுமந்து திரிய இறைவன் சில புரதங்களை அமைத்திருக்கிறான். அவற்றுள் ஒன்று அப்போ-ஈ. இரத்தத்தில் மிதக்கும் கொழுப்புத் துளிகளின்மேல் அது ஏறி அமர்ந்துகொள்ளும். ஈரலின் உயிரணுக்களோ அதனைப் பற்றி இழுக்கும் கைகளை வெளியே நீட்டி வைத்திருக்கின்றன. இந்தக் கைகளைப் பற்றி ஆராய்ந்தவர்கள் மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவர். சிறு வயதிலேயே கொலஸ்ட்ரால் மிகுந்து மாரடைப்பு வரும் குழந்தைகளுக்கு இந்தக் கை இல்லாமலோ பழுதாகவோ இருப்பதைக் கண்டறிந்தமைக்காக 1985ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்கள். ஆர்.என்.ஏ.வைச் சுமந்து செல்லும் துகளின்மீதும் அப்போ-ஈ ஏறிக்கொள்கிறது. ஈரல் அதனைத் தன் அன்றாடக் கொழுப்பு என்றெண்ணி உள்ளே வாங்கிக்கொள்கிறது. மனிதர் புதுப்பாதை போடவில்லை. ஏற்கெனவே போடப்பட்டிருந்த பாதையில் வண்டி தானாகவே போய்ச் சேர்ந்தது. சுப்ஹானல்லாஹ்!

உள்ளே வாங்கப்பட்ட துகள் உடனே விடுதலை பெறுவதில்லை. ஒரு சிறு பைக்குள் அடைபடுகிறது. உயிரணு அந்தப் பைக்குள் அமிலத்தை இறைத்து, உள்ளே இருப்பதைச் செரிக்க முனைகிறது. சரியாக இந்த இடத்தில்தான் வான்கூவர்க்காரர்களின் உழைப்பு பயன் தருகிறது. புளிப்பு ஏறியவுடன் கொழுப்பு நேர் மின்னூட்டம் பெறுகிறது; பையின் சுவரில் உள்ள எதிர் மின்னூட்டக் கொழுப்போடு கலக்கிறது; சுவர் குலைகிறது; ஆர்.என்.ஏ. வெளியேறுகிறது. அழிப்பதற்காக இறைக்கப்பட்ட அமிலமே வாசலைத் திறந்துவிடுகிறது. ஆனாலும் எல்லாம் தப்புவதில்லை. 2013ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, உள்ளே சென்ற ஆர்.என்.ஏ.வில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே அப்பையிலிருந்து தப்புகிறது என்று மதிப்பிட்டது. அந்த ஒன்றிரண்டு பங்கே வேலையைச் செய்துவிடுகிறது.

முதற்பயன் எங்கே கிடைத்தது தெரியுமா? போர்ச்சுகல் நாட்டின் வடபகுதியில், போர்த்தோ நகரை அடுத்த கடலோரத்தில் மீனவர் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக ஒரு நோய் வாட்டி வந்தது. கால்கள் மரத்துப்போகும், நடை தளரும், வயிறும் இதயமும் கெடும், சில ஆண்டுகளில் மரணம். கொரினோ ஆந்திராதே என்ற மருத்துவர் 1952ஆம் ஆண்டு இதனை மருத்துவ உலகுக்கு விவரித்தார். ஈரல் செய்யும் புரதம் ஒன்று பழுதாகி, நரம்புகளிலும் இதயத்திலும் படிவதே இந்நோய். ஈரலையே மாற்றிப் பொருத்தும் அறுவை 1990இல் ஸ்வீடனில் தொடங்கியது; வேறு வழி அன்றைக்கு இருக்கவில்லை. இந்நோய்க்காகச் செய்யப்பட்ட, 'செய்யாதே' என்னும் வகை ஆர்.என்.ஏ.வைக் கொழுப்புத் துகளில் பொதிந்த பட்டிசிரான் என்னும் மருந்தை 2018 ஆகஸ்டில் அமெரிக்க அரசு ஏற்றது. 225 நோயாளிகளிடம் 18 மாதங்கள் நடந்த சோதனையில், தீய புரதம் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களின் நரம்புகள் மேலும் கெட, இம்மருந்து பெற்றவர்கள் சராசரியாகச் சற்றே தேறினார்கள்.

மகிழ்ச்சியில் விலையை மறந்துவிடலாகாது. ஓர் ஆண்டுக்கு 4,50,000 டாலர் என்று அந்நிறுவனம் விலை வைத்தது. போர்ச்சுகல் மீனவர் எவரும் தம் கைப்பணத்தில் வாங்கத்தக்க விலை அன்று அது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்ற வேண்டும். கொழுப்புத் துகள் ஒவ்வாமையைக் கிளப்பாதிருக்க முன்கூட்டியே வேறு மருந்துகள் கொடுக்க வேண்டும். பின்னர் அதே நிறுவனம் கொழுப்பைக் கைவிட்டு, ஆர்.என்.ஏ.வோடு ஈரல் இனங்கண்டுகொள்ளும் ஒரு சர்க்கரைத் துணுக்கைக் கோத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசியாக்கியது. அது 2022இல் வந்தது. சிறிய ஆர்.என்.ஏ.வுக்கு அந்த வழி போதும். ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட நீண்ட தூது ஆர்.என்.ஏ.வுக்கு இன்றளவும் கொழுப்பு வண்டிதான் கைகொடுக்கிறது.

ஆகையால்தான் 2020இல் கொரோனா பரவியபோது வண்டி ஆயத்தமாக நின்றது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பயோன்டெக் நிறுவனத்தைத் தொடங்கிய ஊர் ஷாஹின், ஓஸ்லெம் துரெசி தம்பதியர் துருக்கியக் குடும்பங்களின் பிள்ளைகள் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஷாஹினின் தந்தை கொலோன் நகரிலுள்ள ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில் உழைத்தவர். அவர்களுடைய ஆர்.என்.ஏ.வைச் சுமந்த கொழுப்பு, வான்கூவரிலுள்ள அக்யுட்டஸ் என்னும் நிறுவனத்தின் தயாரிப்பு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டு முதல் அமெரிக்க நீதிமன்றங்களில் மாடர்னா மீதும் ஃபைசர் மீதும் தொடுக்கப்பட்ட பெரிய காப்புரிமை வழக்குகள் பல, இந்தக் கொழுப்பு யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றியவை! பொருளின் மதிப்பை அறிய அதற்காக நடக்கும் வழக்குகளைப் பார்த்தால் போதும் போலும்.

இனி, முன்னர் நிறுத்தி வைத்த செய்திக்கு வருகிறேன்.

கரிக்கோவும் வைஸ்மனும் உழைத்த அதே ஃபிலடெல்ஃபியா நகரின் குழந்தைகள் மருத்துவமனையில், 2024 ஆகஸ்டில் பிறந்த ஓர் ஆண் குழந்தை சேர்க்கப்பட்டது. உணவிலுள்ள புரதம் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியா என்னும் நஞ்சை ஈரல்தான் தீங்கற்ற பொருளாக மாற்றும். அதற்கான நொதிகளில் ஒன்று அந்தக் குழந்தைக்கு இல்லை. தாய்ப்பாலின் புரதமே மூளைக்கு நஞ்சாகும் நிலை. இந்நோயின் கடுமையான வகையில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் மழலைப் பருவத்தைத் தாண்டுவதில்லை. ரெபெக்கா ஆரன்ஸ்-நிக்லஸ், கிரண் முசுனூரு ஆகிய மருத்துவர்கள், அந்தக் குழந்தையின் மரபணுவில் பிழையாக இருந்த ஒரே ஓர் எழுத்தைத் திருத்துவதற்கென்று ஒரு மருந்தை ஆறே மாதங்களில் செய்வித்தார்கள். அதில் இரண்டு ஆர்.என்.ஏ.க்கள். ஒன்று, திருத்தும் கருவியைச் செய்யச் சொல்லும் கட்டளை. மற்றொன்று, எந்த இடத்தில் திருத்த வேண்டும் என்று காட்டும் விலாசம். இரண்டும் கொழுப்புத் துகளில் பொதியப்பட்டு, 2025 பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் மூன்று தவணையாக ஏற்றப்பட்டன. துகள்கள் வழக்கம்போல் ஈரலைத் தேடிச் சென்றன. குழந்தைக்கு முன்னைவிட அதிகப் புரதம் கொடுக்க முடிந்தது; மருந்தின் அளவைக் குறைக்க முடிந்தது; 2025 ஜூன் மாதத்தில் அக்குழந்தை தன் வீட்டுக்குச் சென்றது. முழுமையாகக் குணமாகிவிட்டது என்று மருத்துவர்கள் சொல்லவில்லை. ஆயுள் முழுவதும் கண்காணிக்க வேண்டும் என்கிறார்கள்.

இங்கே ஆர்.என்.ஏ. மரபணுவைத் திருத்தியிருக்கிறது. தடுப்பூசியின் ஆர்.என்.ஏ. அப்படிச் செய்யாது, இது செய்யும். இரண்டும் ஒரே கொழுப்பு வண்டியில் வருகின்றன என்பதற்காக ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. வண்டியைப் பார்த்து அஞ்சாமல், வண்டிக்குள் இருக்கும் கட்டளை யாது என்று கேளுங்கள். இந்தத் திருத்தம் அக்குழந்தையின் ஈரலை நோக்கியது; அவனுக்குப் பிறக்கப்போகும் சந்ததிக்குச் செல்லும் வித்தணுக்களை மாற்றும் நோக்கம் அதில் இல்லை. அல்லாஹ்வின் படைப்பில் கைவைப்பதா, அவன் படைப்பில் நேர்ந்த நோய்க்கு மருந்திடுவதா என்ற கேள்வி எழத்தான் செய்யும். கண்புரையை நீக்குவதும், பிளவுபட்ட உதட்டைத் தைப்பதும் எந்த வகையோ அந்த வகையிலேயே இதனையும் சேர்க்க என் மனம் விரும்புகிறது. எனினும் இதன் நுட்பங்களை அறிந்த மருத்துவர்களும் ஷரீஅத் சட்டத்தில் தேர்ந்த உலமாக்களும் ஒன்றாக அமர்ந்து பேச வேண்டிய பொருள் இது. அந்த அமர்வு நம் அரபுக் கல்லூரிகளில் தொடங்கினால் மிகவும் மகிழ்வேன்.

இந்நோய் எப்படி வருகிறது என்பதையும் நாம் அறிய வேண்டும். தாய், தந்தை இருவரிடமும் அதே மரபணுவில் பழுதான ஒரு படி இருந்தால் மட்டுமே குழந்தைக்கு வரும். பெற்றோரோ முழு நலத்தோடு இருப்பார்கள். நெருங்கிய உறவினர் இருவரிடம் அதே பழுது இருப்பதற்கான வாய்ப்பு, அந்நியர் இருவரிடம் இருப்பதைவிட அதிகம். மாமன் மகள், அத்தை மகன், பெரியப்பா மகள் என்று உறவுக்குள் மணம் முடிப்பது மார்க்கம் அனுமதித்தது. நம் ஊர்களில் வழக்கமாகவும் இருந்து வருகிறது. அதைக் குறை கூற நான் வரவில்லை. ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தை பிறந்த சில நாட்களில் காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அதனை 'நஸீபு' என்று சொல்லி மூடிவைக்காமல், அடுத்த கருவுக்கு முன்னரே மருத்துவரிடம் சொல்லுங்கள், சகோதரிகளே! பிறந்தபோது நன்றாக இருந்த குழந்தை இரண்டு மூன்று நாட்களில் பால் குடிக்க மறுத்து, ஓயாமல் வாந்தியெடுத்து, எழுப்ப முடியாமல் உறங்கி, வேகமாக மூச்சுவிடத் தொடங்கினால், இரத்தத்தில் அம்மோனியாவைச் சோதித்தீர்களா என்று கேளுங்கள். கிருமித்தொற்று என்று நினைத்து இந்நோயைத் தவறவிடுவது எளிது. ஃபிலடெல்ஃபியா மருந்து நமக்கு எட்டாததாயினும், அம்மோனியாவைக் குறைக்கும் மருந்துகளும் உணவுக் கட்டுப்பாடும் உண்டு. அவை நேரத்தில் தொடங்கினால் மூளையைக் காப்பாற்றலாம்.

இந்த வண்டியின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஈரலுக்குப் போகத் தெரிந்த அளவுக்கு அதற்கு வேறெங்கும் போகத் தெரியாது. மூளைக்குள் செல்ல வழியில்லை. நுரையீரலுக்கு முகர்ந்து உள்ளிழுக்கும் வகையில் அனுப்ப ஆய்வுகள் நடக்கின்றன. மேலே போர்வையாக இருக்கும் பொருளுக்குச் சிலர் உடலில் எதிர்ப்பு உண்டாகலாம். ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளுக்குப் பின் அரிதாகக் கடும் ஒவ்வாமையும், குறிப்பாக இளைஞர்களிடம் அரிதாக இதயத் தசை அழற்சியும் காணப்பட்டன. அவை மறுக்கப்பட்ட செய்திகள் அல்ல, பதிவான செய்திகள். குளிர்ச்சி மற்றொரு சிக்கல். ஃபைசர் ஊசியை முதலில் கழிவு 70 பாகைக் குளிரில் வைக்க வேண்டியிருந்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்ப்பெட்டியில் அது நடவாது. புனே நகரின் ஜெனோவா நிறுவனம் செய்த ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு 2022 ஜூனில் நம் நாட்டில் அவசரகால அனுமதி கிடைத்தது. அது சாதாரணக் குளிர்ப்பெட்டியின் 2 முதல் 8 பாகையில் வைக்கத்தக்கது. இந்தியாவிலேயே எழுந்த முதல் ஆர்.என்.ஏ. தடுப்பூசி அதுவே.

ஃபிலடெல்ஃபியா மருத்துவர்கள் இப்போது அதே வகை நோய்கள் கொண்ட பிற குழந்தைகளை நோக்கித் திரும்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் பிழை வேறு; ஆனால் கொழுப்பும் அதேதான், திருத்தும் கருவிக்கான கட்டளையும் பெரும்பாலும் அதேதான். மாற்றி எழுத வேண்டியது விலாசம் காட்டும் அந்தச் சிறிய ஆர்.என்.ஏ.வை மட்டும். ஒவ்வொரு விலாசத்துக்கும் தனித்தனி மருந்தென்று முழுச் சோதனையும் கேட்பதா, ஒரே மருந்தின் பல வடிவங்கள் என்று கருதி எளிதாக்குவதா என்பதை அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளோடு பேசி வருகிறார்கள். விலை குறையுமா என்பது பெரும்பாலும் அந்தப் பேச்சின் முடிவைப் பொறுத்தது.